புங்கையா, தூங்குமூஞ்சியா

"புங்கை வெக்கட்டுமா தாயி, தூங்குமூஞ்சி வெக்கட்டுமா?"

அங்குச்சாமி கேட்டார்.

தவமணி நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்றுப் பைகளுக்கு மண் கலந்துகொண்டிருந்தாள். செம்மண், மணல், மட்கிய சாணம்.

"எங்க வெக்கப் போறீங்கண்ணே?"

"சுடுகாட்டுல."

மண் கலந்த கை நின்றது.

"யாருக்கு?"

"எம் மகளுக்கு."

தவமணியை அந்தப் பக்கத்தில் சாமியாரம்மா என்றும் சொல்வார்கள், கன்றுக்காரி என்றும் சொல்வார்கள். இரண்டும் சரிதான். வயசு முப்பத்து நாலு. மலையடிவாரத்தில் ஒரு கிணறு, ஓர் ஓட்டு வீடு, சுற்றிலும் சில ஆயிரம் மரக்கன்றுகள். மனசு சரியில்லை என்று வருகிறவர்களுக்கு அவள் உபதேசம் செய்ததே இல்லை. கையில் ஒரு வேலையைக் கொடுப்பாள். பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேர் திரும்ப வருவார்கள்.

அங்குச்சாமிக்கு நாற்பத்தெட்டு. நூல் மில்லில் எடை போடுகிறவர். எதையும் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண், கனிகா. எட்டு வயசு. போன மாசம் கத்திரி வெயில் கொளுத்தும்போது காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அவர்கள் வழக்கத்தில் பெரியவர்களை எரிப்பார்கள். சின்னப் பிள்ளைகளைப் புதைப்பார்கள். பிள்ளைகளுக்குக் கல் வைப்பதில்லை. நாய் தோண்டாமல் இருக்க மேட்டின்மேல் முள் வெட்டிப் போடுவதோடு சரி. பெண்கள் அங்கே போகக் கூடாது.

அதனால் தாய்க்காரி ராக்கம்மா வீட்டில் இருந்தபடியே ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அங்க நெழல் இருக்கா?"

இல்லை என்று சொல்ல அங்குச்சாமிக்கு வாய் வரவில்லை. "மரம் ஒண்ணு வெச்சிர்றேன் ராக்கு" என்றார்.

இதை அவர் சொல்லி முடிக்கும்வரை தவமணி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கங்கண்ணே. மரம் நிக்கிற எடத்துல யாரும் குழி வெட்ட மாட்டாங்க. வெறும் எடம்னா ரெண்டு மழைக்குத் தரையோட தரையாயிரும். அப்புறம் வேற யாருக்காச்சும் வெட்டிருவாங்க. சீக்கிரம் வைங்க."

"அதுக்குத்தான் கேக்குறேன். எது நல்லது?"

கிணற்றடியில் ஒரு புங்கை நின்றது. ரோட்டோரம் ஒரு தூங்குமூஞ்சி.

"இதுக்குக் கீழ கொஞ்ச நேரம் உக்காருங்க. அப்புறம் அதுக்குக் கீழ போய் உக்காருங்க."

உச்சி வெயிலில் அவர் இரண்டின் அடியிலும் உட்கார்ந்தார். சாயங்காலம் திரும்பி வந்தார்.

"புங்கை நெழல் அடர்த்தி தாயி. ஒரு பொட்டு வெயில் உள்ள விழல. ஆனா ரெண்டு கட்டில் போடுற அளவுதான்."

"சரி."

"தூங்குமூஞ்சி நெழல் சல்லடை மாதிரி. அங்கங்க வெயில் விழுது. ஆனா ரோட்டைத் தாண்டி அங்கிட்டு வரைக்கும் போகுது."

"சரி."

"எது நல்லதுன்னுதான் தெரியல."

தவமணி நாற்றுகளுக்கு நடுவே போனாள். ஒரு புங்கங்கன்று, ஒரு தூங்குமூஞ்சிக் கன்று, இரண்டையும் எடுத்து வந்து தனியாக வைத்தாள்.

"இது ரெண்டும் உங்களுக்கு. எது வேணும்னு தோணுதோ எடுத்துக்கங்க."

அவர் வெறுங்கையோடு போனார்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார்.

"எது தாயி சீக்கிரம் வளரும்?"

"தூங்குமூஞ்சி. அஞ்சு வருஷத்துல ஆளுக நிக்கலாம். புங்கைக்குப் பத்து வேணும்."

"எது காத்துக்குத் தாங்கும்?"

"புங்கை. அது வேர் நேரா கீழ எறங்கும். தூங்குமூஞ்சி வேர் மேலாப்புல ஓடும். கெளையும் பெருசா போயி, கனம் தாங்காம ஒடியும்."

"அப்ப புங்கைதான்."

"எடுத்துக்கங்க."

அவர் கன்றைப் பார்த்தார். தூக்கக் குனிந்தார். நிமிர்ந்துவிட்டார்.

"பத்து வருஷம் அவ வெயில்ல கெடக்கணுமா?"

தவமணி மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தாள். அன்று முழுக்க அவர் நாற்றுப் பைகளில் மண் நிரப்பினார். போகும்போது வெறுங்கைதான்.

ஆடியில் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். புங்கைக்கு இரண்டு கோடை ஊற்றினால் போதும், பிறகு தானே பிழைத்துக்கொள்ளும் என்றாள். தூங்குமூஞ்சிக்கு இன்னும் கூட வேண்டும். அப்போ புங்கை என்றார். புரட்டாசியில் ஆடுமாட்டைப் பற்றி அவளே சொன்னாள். புங்கந்தழையை ஆடு அவ்வளவாகத் தொடாது. தூங்குமூஞ்சி என்றால் உயிர், அடியோடு கடித்துவிடும், வேலி கட்டியே ஆக வேண்டும். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மழைக்காலத்தில், ஈரம் இருக்கிறது, இப்போது நட்டால் பிடித்துக்கொள்ளும் என்றாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

மில்லில் நூறு கிலோ மூட்டையை ஒரு பார்வையில் சொல்லிவிடுகிற மனுஷன். இரண்டு சாண் உயரக் கன்றுகளை வைத்துக்கொண்டு ஆறு மாசமாக நிறுத்துக்கொண்டே இருந்தார்.

கன்றுகள் காத்திருக்கவில்லை. பையைக் கிழித்துக்கொண்டு வேர் தரைக்குள் இறங்கியது. தவமணி வேரை நறுக்கிவிட்டுப் பெரிய பைக்கு மாற்றினாள். மறுபடியும் கிழித்தது. மறுபடியும் மாற்றினாள்.

*

தை பிறந்தது. அங்குச்சாமியின் கேள்விகள் மாறிவிட்டன.

"புங்கை துளிர் விடும்போது என்ன நெறம் தாயி?"

"மாசியில பழைய எலை கொட்டும். பத்து நாள்ல துளிர் வரும். மொதல்ல லேசா செம்பு நெறம். அப்புறம் எளம்பச்சை, பளபளன்னு இருக்கும்."

"பூ?"

"வெள்ளையில கொஞ்சம் ஊதா. கீழ கொட்டிக் கெடந்தா பொரி எறைச்ச மாதிரி இருக்கும்."

அவர் உதடு அசைத்து அதை ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மனப்பாடம் செய்வதுபோல இருந்தது.

அடுத்த வாரம் தூங்குமூஞ்சி. அது மழை வரும்போது இலை மூடுமா, மூடினால் தண்ணீர் அடிமரத்துக்கு இறங்குமா, காய் இனிக்குமா.

அதற்கடுத்த வாரம் மறுபடி புங்கை.

தவமணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது.

வைகாசி வந்தது. கனிகா போய் ஒரு வருஷம். அன்றும் வெள்ளிக்கிழமைதான்.

"தூங்குமூஞ்சி சாயங்காலம் எத்தன மணிக்கு எலை மூடும் தாயி?"

தவமணி தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டாள்.

"அண்ணே, மரம் நடுறவங்க இந்தக் கேள்வி கேக்க மாட்டாங்க. யாருகிட்டப் போயிச் சொல்லுறீங்க?"

அங்குச்சாமி தூங்குமூஞ்சிக் கன்றின் இலையைத் தடவினார்.

"சொல்லுங்கண்ணே."

"ராக்குகிட்ட."

"என்னன்னு?"

"நட்டாச்சான்னு கேட்டா தாயி. ஆச்சுன்னு சொல்லிட்டேன். எத்தன எலைன்னு மறுநாள் கேட்டா. ஆறுன்னேன். அப்புறம் தெனம் கேக்குறா. சோறு போடும்போது கேக்குறா. நான் என்னத்தச் சொல்லுறது? இங்கிட்டு வந்து கேட்டுட்டுப் போயி சொல்லுறேன்."

"நட்டிருக்கலாமே."

அவர் தலையை ஆட்டினார்.

"மரம் வெச்சா அவ அங்க இருக்கான்னு ஆயிரும் தாயி."

சொல்லிவிட்டு அழுதார். மகளைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவர் அழவில்லை. இப்போது நாற்றுகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஆனாலும் தவமணி விடவில்லை.

"அந்த எடத்துக்குப் போனீங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒரு வருஷமாச்சு. ஒரு தடவகூடவா போகல?"

"வெள்ளிக்கிழம அங்கதான் போறேன்னு வீட்டுல சொல்லிட்டுக் கெளம்புவேன். வண்டி இங்க வந்துருது."

தவமணி வீட்டுக்குள் போனாள். கடப்பாரையோடு வந்தாள். இரண்டு கன்றுகளையும் ஒரு சாக்கில் நிறுத்தி, அவருடைய மொபெட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினாள். இப்போது அவை அவள் இடுப்பு உயரம் இருந்தன. கடப்பாரையைக் குறுக்கே செருகினாள்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"எதை நடுறது தாயி?"

அவள் வண்டியை அவரோடு சேர்த்து வெளியே தள்ளிவிட்டு வேலிப் படலைச் சாத்தினாள். ஒரு வருஷத்தில் அவள் அவர்மேல் கோபப்பட்டது அன்று ஒருநாள்தான்.

"எதைன்னு சொல்லலியே!"

உள்ளே கன்றுகளுக்குத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

*

ராக்கம்மா வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வண்டி வந்து நின்றது. பின்னால் இரண்டு கன்றுகள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ராக்கு, மரம் வெக்கல."

"தெரியும்."

"தெரியுமா?"

"பொரியாட்டம் பூக் கொட்டிக் கெடக்குன்னீங்க. அது புங்க மரம். சாயங்காலம் ஆனா எலை மூடுதுன்னீங்க. அது தூங்குமூஞ்சி. ஒரே மரம் ரெண்டும் செய்யுமா? அதுவும் வெச்ச வருஷமே பூக்குமா?"

அங்குச்சாமி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கய்யா ஆடு மேச்சவரு. மரம் வெச்சவுக எல்லாம் எங்க வாசல்ல வந்துதான் கத்துவாக. நீங்க ஒரு நாளாச்சும் ஆட்டைத் திட்டியிருந்தா நம்பியிருப்பேன்."

"அப்புறம் ஏன் தெனம் கேட்ட?"

ராக்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொல்லுறப்ப இருந்துச்சு."

அவள் உள்ளே போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"நீ அங்க வரக் கூடாது ராக்கு."

"யாரு சொன்னா?"

"ஊர்ல சொல்லுவாக."

"சொல்லுறவுக யாரும் ஒரு வருஷமா எம் புள்ளைக்கு நெழல் வெக்கலையே. நடங்க."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். தெருவில் இரண்டு மூன்று பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவரும் மறிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் மறிக்கத் தோன்றியிருக்காது.

*

சுடுகாட்டின் வடக்கு மூலை பிள்ளைகளுக்கு. அந்தப் பக்கம் ஓடை, இந்தப் பக்கம் இடிந்த மதில். நடுவே ஒரு மரம் கிடையாது. வெயில் அப்படியே தரையில் விழுந்துகொண்டிருந்தது.

ராக்கம்மா அந்த வெயிலைத்தான் முதலில் பார்த்தாள். செருப்பில்லாத காலை மாற்றி மாற்றி வைத்தாள்.

"எங்க?"

அங்குச்சாமி முன்னால் நடந்தார். மதிலிலிருந்து இருபது எட்டு என்று அவருக்கு நினைவு. தலைமாட்டில் அடையாளத்துக்கு ஒரு வேப்பங்குச்சி ஊன்றியிருந்தார். எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனார். இருபதாவது எட்டில் ஒரு சின்ன மேடு இருந்தது. மேலே பச்சை மாறாத முள்.

"இதா?"

"இல்ல. இது புதுசு."

"புதுசுன்னா?"

அவர் திரும்பி மதிலுக்குப் போனார். மறுபடியும் எண்ணினார். இந்த முறை மூன்றடி தள்ளி வந்து நின்றார். அங்கே வெறும் தரை. மழை பெய்து, காய்ந்து, வெடித்திருந்தது. அதற்குப் பக்கத்திலும் அப்படித்தான். வேப்பங்குச்சி எங்கேயும் இல்லை.

"இங்கனதான் இருக்கணும். இல்ல, ஓடைப் பக்கமோ. அன்னைக்குக் கூட்டம் இருந்துச்சு, நான் சரியா பாக்கல."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"தெரியல ராக்கு."

எதையும் இரண்டு தரம் நிறுத்துப் பார்க்கிற அந்த மனுஷனை நினைத்தால் ஆத்திரமாகவும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. பெற்ற பிள்ளை படுத்திருக்கும் இடத்தைத் தொலைத்துவிட்டு, கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்றார்.

ராக்கம்மா திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். முள் போட்ட மேடுகளுக்கு நடுவே, மேடு கரைந்துபோன இடங்களுக்கு நடுவே, காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடந்தாள். அங்கங்கே நின்றாள். ஓடைவரை போனாள். மதில்வரை வந்தாள்.

திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"இந்த மதில்ல இருந்து அந்த ஓடை வரைக்கும். இதுக்குள்ளதான இருக்கா?"

"இதுக்குள்ளதான்."

"நல்லாத் தெரியுமா?"

"அது தெரியும் ராக்கு. சத்தியமாத் தெரியும்."

அவள் சாக்கில் நின்ற கன்றுகளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத மரங்கள் இல்லை. ஆனாலும் அவரைத்தான் கேட்டாள்.

"இதுல எது நெழல் ரொம்பத் தூரம் போகும்?"

அங்குச்சாமி இந்த முறை யோசிக்கவில்லை.

"தூங்குமூஞ்சி."

"அப்ப அதை நட்டநடுவுல வைங்க."